‘உங்க இஷ்டம்’ என்று சொல்லாதீர்கள், டாக்டர்

தமிழ்நாட்டுக் குழந்தை டாக்டர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரி. 36 வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பக்கத்து ஊர்களில் ‘நர்சம்மா’ என்று கேட்டால் இன்னமும் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். தடுப்பூசியைப் பற்றி உங்களுக்குப் பாடம் நடத்துகிற படிப்பு எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு தடுப்பூசி ஊருக்குள் வரும்போது எந்த வாசலில் தட்டுத்தடுமாறி நிற்கும் என்று எனக்குத் தெரியும். அந்த வாசல்களில் ஒன்று உங்கள் க்ளினிக். அதனால்தான் எழுதுகிறேன்.

போன மாதம் என் மகள், தன் 11 வயதுப் பெண்ணைக் காய்ச்சலுக்காக ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனாள். நல்ல டாக்டர்தான். பேத்திக்கு ஆறாவது வாரத்திலிருந்து அவரிடம்தான் எல்லாம். மருந்து எழுதி முடித்ததும் மகள் கேட்டிருக்கிறாள்: “சார், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு ஊசி இருக்காமே, இவளுக்குப் போடலாமா?” மருந்துச் சீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னாராம்: “போடலாம். கட்டாயம் இல்லை. உங்க இஷ்டம்.” அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டார்.

மகள் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது இதுதான்: “டாக்டர் வேண்டாங்கிறாரும்மா.”

அவர் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. சொன்னது மூன்று வாக்கியம், முதல் வாக்கியமே ‘போடலாம்’. ஆனால் என் மகள் படித்தவள், அவளுக்கே அது ‘வேண்டாம்’ என்றுதான் காதில் விழுந்தது. ஏன் விழாது? பத்து வருஷமாக அவர் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. ஒன்பதாம் மாத ஊசிக்கு ‘உங்க இஷ்டம்’ என்றாரா? ஒன்றரை வயது பூஸ்டருக்குச் சொன்னாரா? “பதினெட்டாம் தேதி கூட்டிட்டு வாங்க” என்று தேதி போட்டுக் கொடுத்தார், அவளும் போனாள். முதல் தடவையாக முடிவை அவள் கையில் கொடுக்கிறார் என்றால், டாக்டருக்கே இதில் நம்பிக்கை இல்லை என்று தாய் புரிந்துகொள்கிறாள். டாக்டர் ஒரு மரியாதைக்காகத்தான் அப்படிச் சொன்னார். அது அவள் காதில் எச்சரிக்கையாகப் போய் விழுந்தது.

உங்களில் பலருக்கு இந்த ஊசியின் மேல் சந்தேகம் எதுவும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். உங்கள் சங்கமே, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமே, பெண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் இரண்டு தவணை, 15 வயதுக்கு மேல் என்றால் மூன்று தவணை என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. அப்படியிருந்தும் வாய் வரமாட்டேன் என்கிறது. காரணத்தை நான் ரொம்ப நாள் யோசித்தேன். ஒரு காரணம், நீங்கள் இந்த நோயைப் பார்ப்பதே இல்லை.

தொண்டை அடைப்பானில் மூச்சுக்குத் திணறின குழந்தையை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தட்டம்மை வந்து நிமோனியாவில் போன பிள்ளையைத் தாயிடம் எடுத்துக் கொடுத்திருப்பீர்கள். அதனால் அந்த ஊசிகளைப் பற்றிப் பேசும்போது உங்கள் குரலே வேறு மாதிரி இருக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காரி உங்கள் க்ளினிக்கில் வந்து உட்காரமாட்டாள். நீங்கள் பத்து வயதில் போடாமல் விட்ட ஊசிக்கான கணக்கு முப்பது, நாற்பது வருஷம் கழித்து வேறொரு டாக்டரின் வார்டில்தான் தீர்க்கப்படும். அந்த வார்டை நான் பார்த்திருக்கிறேன், என் சொந்த அக்காவால்.

அக்கா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தைக்கிற வேலை பார்த்தாள். மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டது. நான் நர்ஸ், பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறேன், என்னிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளைப்படுதலுக்கு நாட்டு மருந்து சாப்பிட்டாள். துணி மாற்றி மாற்றி, நாற்றம் வெளியே தெரியக்கூடாது என்று மார்க்கெட்டில் எல்லோருக்கும் தள்ளி ஓரமாக உட்கார்ந்து தைத்திருக்கிறாள். அதை அவள் போன பிறகு கூட வேலை பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இடுப்பு வலி தாங்காமல் என்னிடம் வந்தபோது மூன்றாம் கட்டம் தாண்டியிருந்தது. மதுரைக்குக் கூட்டிப்போய்க் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்தோம். பதினாலு மாதம் இருந்தாள்.

அவளைப் போல 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இந்த நோயால் இறந்ததாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் காரணம் எச்.பி.வி. என்ற ஒரே வைரஸ் குடும்பம். அதிலும் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பேருக்குக் காரணம். அந்த இரண்டையும் தடுக்கிற ஊசி நம் நாட்டில் 2008லிருந்து மருந்துக்கடையில் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நோயைப் பற்றி உலகம் இன்று தெரிந்து வைத்திருப்பதில் ஒரு பங்கு எங்கள் ஊரிலிருந்து போனது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை. அங்கே உள்ள சமுதாய சுகாதார மையமும் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து, கருப்பை வாயில் வினிகர் தடவிப் பார்க்கிற எளிய பரிசோதனையைத் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செய்தார்கள். செய்தது யார் தெரியுமா? நர்சுகள். அந்தப் பரிசோதனை நடந்த ஊர்களில் இந்த நோயால் ஏற்படும் மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வந்தது.

அதே அம்பிளிக்கை, எச்.பி.வி. தடுப்பூசி ஆய்விலும் ஒரு மையம். இந்தியாவில் ஒன்பது இடங்களில் 2009இல் தொடங்கிய ஆய்வு அது. மூன்று தவணைக்குப் பதிலாக இரண்டு தவணை போதுமா என்று பார்ப்பதுதான் திட்டம். 2010 ஏப்ரலில் அரசு நிறுத்தச் சொன்னதால் பாதியில் நின்றது. ஏறத்தாழ 5,000 பெண் பிள்ளைகள் ஒரே தவணையோடு நின்றுவிட்டார்கள். சரி, போனது போகட்டும் என்று விட்டுவிடாமல் அந்தப் பிள்ளைகளையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பத்து வருஷம் கழித்துப் பார்த்தால், ஒரு தவணை போட்டவர்களுக்கும் 16, 18 வகை வைரஸ் உடம்பில் தங்கிவிடாமல் கிட்டத்தட்ட மூன்று தவணை அளவுக்கே பாதுகாப்பு இருந்தது. 95 சதவீதத்துக்கு மேல். 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு தவணையும் போதும் என்று வழி திறந்துவிட்டதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். தற்செயலாக நின்றுபோன ஓர் ஆய்வு உலகத்துக்கே செலவைக் குறைத்துக் கொடுத்திருக்கிறது.

ஆய்வை ஏன் நிறுத்தினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். நீங்கள் தயங்குவதற்கு அந்தப் பழைய கதையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது எங்கள் ஊர் ஆய்வு இல்லை, வேறொரு திட்டம். அதில் கிளம்பின பரபரப்பில்தான் இந்த ஆய்வையும் நிறுத்தினார்கள். அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பள்ளிப் பெண்களுக்கு இந்த ஊசி போட்டார்கள். பிறகு ஏழு பெண்கள் இறந்த செய்தி வந்தது. விசாரித்ததில் பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று பெரும்பாலும் ஊசிக்குத் தொடர்பில்லாத காரணங்களே தெரிய வந்தன. ஆனால் வேறொரு தப்பு வெளியே வந்தது. விடுதிப் பிள்ளைகளுக்குப் பெற்றோரைக் கேட்காமல் வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. கண்டித்தது நியாயம். பெண்ணைப் பெற்றவர்களிடம் உட்கார்ந்து பேசாமல் ஊசி போட்டதுதான் அங்கே நடந்த தப்பு. அந்தப் பேச்சை இன்று நடத்த வேண்டிய ஆள் நீங்கள். அப்படியிருக்க, அந்தக் கதையையே காரணமாக வைத்து நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் எப்படி?

ஒரு டாக்டரின் வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று நான் இரண்டு தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். செய்தி வந்த மறு புதன்கிழமை நான் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன், ஒரு தாய்கூட வரவில்லை. அதற்கப்புறம் கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதையே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் முன்னால்தான் போட வேண்டும் என்று ஆனது. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டால், “உன்னைத் தப்பு சொல்லல நர்சம்மா, ஆனா பயமா இருக்கு” என்பார்கள். அப்போது டவுனில் இருந்த ஒரு தனியார் குழந்தை டாக்டர், பெரியவர், இப்போது இல்லை, தன்னிடம் சளிக்கும் பேதிக்கும் வந்த ஒவ்வொரு தாயிடமும் அட்டையை வாங்கிப் பார்த்து, “தட்டம்மை ஊசி விட்டுப்போச்சே, நர்சம்மாகிட்ட போ, நான் சொன்னேன்னு சொல்லு” என்று அனுப்பினார். அரசு ஊசியால் அவருக்கு ஒரு பைசா வருமானம் கிடையாது. ஆறே வாரத்தில் என் பதிவேடு பழையபடி நிரம்பியது. ‘நான் சொன்னேன்னு சொல்லு’ என்ற அந்த வார்த்தைதான் செய்தது.

இன்னொரு தடவை நடந்தது நேர்மாறு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா முகாம். 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும், முன்னால் எம்.எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா, பொன்னுக்கு வீங்கி மூன்றுக்கும் சேர்த்த ஊசி) போட்டிருந்தாலும் இன்னொரு தடவை போட வேண்டும். வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றியது. அதையாவது எதிர்த்துப் பேசலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு அப்பா என்னிடம் நின்று, “எங்க டாக்டர் எம்.எம்.ஆர். போட்டாச்சு, இது தேவையில்லைன்னுட்டார்” என்றாரே, அதற்கு நான் என்ன பதில் சொல்ல? நான் சீருடை போட்ட நர்ஸ். அவர் எம்.டி. அந்த ஒரு வகுப்பில் மட்டும் பதினோரு பிள்ளைகள் ஊசி இல்லாமல் போனார்கள். எல்லோரும் ஒரே க்ளினிக்.

இங்கே ஒரு பழைய மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கைக்குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் ‘வலியில்லாத ஊசி’ என்று ஒன்று உங்களிடம் உண்டு. அது வந்த பிறகு அரசு ஊசி என்றால் காய்ச்சல் வரும், கட்டி விழும் என்று ஊரில் ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டது. உங்களில் சிலர் அந்தப் பேச்சை மறுக்காமல் விட்டீர்கள். எச்.பி.வி. விஷயத்திலும் இது வரப்போகிறது. 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக இந்த ஊசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாகத் தமிழ்நாடு அரசு தன் 2025-26 பட்ஜெட்டில் அறிவித்தது. அரசுத் திட்டத்தில் ஒரே தவணை, உங்கள் அட்டவணையில் இரண்டு தவணை என்று நின்றால், தாய் உங்களிடம்தான் வந்து கேட்பாள். அப்போது “அது பத்தாது, அது கவர்ன்மென்ட் ஊசி” என்று ஒரு சொல் வந்தால் போதும், இரண்டையுமே போடாமல் போய்விடுவாள். ஒரு தவணைக்கும் சான்று இருக்கிறது, அதில் கொஞ்சம் அம்பிளிக்கைப் பிள்ளைகளின் ரத்தத்திலிருந்து வந்தது என்று நீங்கள் சொன்னால் நம்புவாள். நான் சொன்னால் பாதிதான் நம்புவாள்.

விலையும் உங்களைத் தடுக்கிறது, தெரியும். நம் நாட்டிலேயே தயாராகும் எச்.பி.வி. ஊசியான, சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 2023இல் வந்தபோது ஒரு தவணை 2,000 ரூபாய். ஒன்பது வகை எச்.பி.வி.யைத் தடுக்கிற வெளிநாட்டு ஊசி அப்போது பத்தாயிரத்துக்கு மேல். “இவர் காசு பார்க்கச் சொல்கிறார்” என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம் வரும். நியாயமான கூச்சம். அதற்கு வழி, “விலை குறைஞ்ச ஊசி இருக்கு. அரசு பள்ளியில வந்து போட்டா அங்கேயே இலவசமா போட்டுக்கலாம். ஆனா போடாம மட்டும் விடாதீங்க” என்று சொல்வதுதான். காசு பார்க்கிற டாக்டர் இப்படிப் பேசமாட்டார் என்று எங்கள் ஊர்த் தாய்மாருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை கூச்சம்தான், பணக் கூச்சம் இல்லை, மற்ற கூச்சம். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் இந்த வைரஸ் எப்படித் தொற்றுகிறது என்று எப்படிச் சொல்வது, அப்பா பக்கத்தில் நிற்கிறாரே என்று. நான் ஒன்று கேட்கிறேன். மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைக் குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் போடுகிறோம். அந்த வைரஸும் உடலுறவால் தொற்றும். எந்தத் தாயாவது, “என் பச்சைப் பிள்ளைக்கு எதற்கு?” என்று சண்டைக்கு வந்தாளா? நாம் அப்படிப் பேச்செடுக்கவில்லை, ஈரல் கெடாமல் இருக்க என்றோம், முடிந்தது. இதையும் புற்றுநோய் வராமல் இருக்க என்று சொல்லுங்கள், அது முழு உண்மை. மேற்கொண்டு யாராவது கேட்டால், அம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். வைரஸ் உடம்பில் வரும் முன்னால் போட்டால்தான் முழுப் பலன், அதனால்தான் இந்த வயது என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கே புரிகிறது. “விதைக்கிறதுக்கு முந்தியே வேலி போடணும்” என்று ஒரு பாட்டி எனக்கே விளக்கம் கொடுத்தாள்.

பயம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான்காரர்கள் இருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் இந்த ஊசியை வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தார்கள். சில பெண்களுக்கு வலி, நடுக்கம் என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஜூனிலேயே அரசு ‘போடுங்கள் என்று நாங்களாகச் சொல்லமாட்டோம்’ என்று பின்வாங்கியது. தடை செய்யவில்லை, இலவசம்தான், கேட்டால் போடுவார்கள். அதாவது ஒரு நாட்டு அரசே ‘உங்க இஷ்டம்’ என்றது. 70 சதவீதம் பெண்கள் போட்டுக்கொண்டிருந்த ஊசி ஒரு சதவீதத்துக்கும் கீழே போனது. மறுபடி பரிந்துரைக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. அதே காலத்தில் ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் ஊசி போட்ட பெண்களை வளர்ந்த பிறகு பார்த்தார்கள். திசுவுக்குள் ஊடுருவிய கருப்பை வாய்ப் புற்றுநோய் அவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை.

ஊசி போட்டாலும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனை வேண்டும், அதை நான் மறக்கவில்லை. ஆனால் பரிசோதனையை மட்டும் நம்ப முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 100க்கு 10 பேர்கூட இல்லை. மற்ற மாநிலங்கள் அதைவிட மோசம். திரைக்குப் பின்னால் படுக்கச் சொன்னால் பெண்கள் எழுந்து போய்விடுவார்கள், எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். கையில் போடுகிற ஊசிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

நான் உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். பத்து வயதில் டி.டி. (ரண ஜன்னி, தொண்டை அடைப்பானுக்கான) ஊசி உண்டு. அதற்கோ, காய்ச்சலுக்கோ, பள்ளிச் சான்றிதழுக்கோ பெண் பிள்ளை வந்தால், தாய் கேட்கும் முன் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். ஐந்து வயது பூஸ்டருக்கு அப்புறம் அவர்கள் உங்களிடம் வருவதே அபூர்வம், வந்த நாளை விட்டுவிட்டால் மறுபடி எப்போதோ. மற்ற ஊசிகளுக்குச் சொல்கிற அதே குரலில், தேதி போட்டுச் சொல்லுங்கள். போட்டதும் கால் மணி நேரம் உட்கார வையுங்கள், வயசுப் பிள்ளைகள் ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழும், ஒன்று விழுந்தால் அடுத்ததும் விழும், அப்புறம் ஊரெல்லாம் அதுதான் பேச்சு. சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். உங்கள் மகளுக்குப் போட்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். எத்தனை படம் போட்ட துண்டறிக்கையும் அதற்கு ஈடாகாது.

உண்மையாகவே சந்தேகம் உள்ளவர்கள் உங்களில் இருக்கலாம். புது மருந்தைச் சந்தேகத்தோடு பார்ப்பது டாக்டரின் வேலை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தை உங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் வாங்குங்கள். கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாயின் தலையில் ‘உங்க இஷ்டம்’ என்று அதை இறக்கி வைக்காதீர்கள். அவளுக்கு அதைத் தூக்கத் தெம்பு இல்லை.

என் பேத்திக்கு வருகிற சனிக்கிழமை சாயங்காலம் அதே டாக்டரிடம் டோக்கன் போட்டிருக்கிறேன், பதினேழாம் நம்பர். இந்தத் தடவை நானும் கூட வருகிறேன், சார். அட்டையையும் எடுத்து வருகிறேன், தேதி மட்டும் நீங்கள் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருத்தி,
ஒட்டன்சத்திரம் வட்டம், திண்டுக்கல் மாவட்டம்